எலி காதில் விழாமல்

எலி இருக்கிற வீட்டில் எலியைப் பற்றிப் பேசக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் என் மாமியார். அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போய், தெருவில் இறங்கி நின்று, புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார். "பேரைச் சொல்லாதே. பொறி வைக்கப் போறேன், மருந்து வைக்கப் போறேன்னு வாய்விட்டுச் சொல்லவே சொல்லாதே. கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டா பழி வாங்கிடும்."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிரிப்பும் கோபமும் எனக்குச் சட்டென்று வரும். அப்பா மன்னார்குடியில் பள்ளிக்கூட வாத்தியார், கறுப்புச் சட்டைக்காரர். என் கல்யாணத்தில் ஐயர் இல்லை, அக்கினி இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், நாலு பேர் மைக்கில் பேசினார்கள், சாப்பாடு போட்டோம், முடிந்தது. மாமியார் அந்தக் கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர். அப்படி வளர்ந்தவளிடம் வந்து எலிக்குத் தமிழ் தெரியும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

நாங்கள் குடியிருந்தது தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக மூன்று குடித்தனம் உள்ள ஓட்டு வீட்டில். நடுக் குடித்தனம் எங்களுடையது. மூன்று வீட்டுக்கும் உத்தரம் ஒன்றுதான். சுவர்கள் உத்தரம் வரைக்கும்கூட எழும்பவில்லை. பக்கத்து வீட்டில் தும்மினால் நமக்குக் கேட்கும். பின்னால் ஒரு சாக்கடை, அதற்கப்பால் ஒரு நெல் மண்டி. வெயில் காலத்திலும் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகக் கிடக்கும். அந்த ஊரில் கரப்பானும் கறையானும் எலியும் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் மாமியார் வரும் வரைக்கும் எங்கள் வீட்டு எலிகள் சாதாரண எலிகளாக இருந்தன. துரத்தினால் ஓடும்.

மாமியார் வந்தது ஒரு மாசி மாதம். நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆட்சி மாறியிருந்தது. கூலி கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் வரப்பில் கொடி நட்ட காலம் அது. அந்தச் சம்பா அறுப்பு போலீஸ் நிற்க நடந்தது. பக்கத்து மிராசுதார் வீட்டு வைக்கோல் போர் ஒரு நாள் மத்தியானம் எரிந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. மறு வாரமே என் கணவர் போய்த் தன் அம்மாவை அழைத்து வந்துவிட்டார். அவரோடு ஒரு மாட்டு வண்டியில் பதினோரு மூட்டை நெல்லும் வந்தது. இனி அந்தக் களத்து நெல் தன் கைக்கு வருமோ வராதோ என்று மாமியார் அத்தனையையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மூட்டைகளைக் கூடத்துச் சுவரோரம் அடுக்கினோம். வீட்டில் பாதி இடம் போயிற்று.

மூன்றாம் நாள் காலை மாமியார் மூட்டைகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் உமி சிதறிக் கிடந்தது. என்னைப் பார்த்துத் தன் புருவத்துக்கு மேல் விரலை வளைத்து ஏதோ ஜாடை காட்டினார். எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் வாசலுக்குக் கூட்டிப் போய் அந்தச் சட்டத்தைச் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னார். "இது இந்த ஊர் இல்ல. நம்ம களத்துல இருந்தது. மொட்டை வால் ஒண்ணு இருக்கு பாரு, அதை நான் அங்கேயே பாத்திருக்கேன். மூட்டையோட வந்திருக்கு."

வால் இல்லாத எலியை நானும் பிறகு பார்த்தேன். பட்டப்பகலில் உத்தரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. சூ என்றேன், கையைத் தட்டினேன். நகரவில்லை. வால் அறுந்த எலி ஊருக்கு ஊர் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததால் கோபம் வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்து, மூன்று குடித்தனத்துக்கும் கேட்கிற குரலில் கத்தினேன். "ஏய் எலி! நாளைக்கே மருந்து வாங்கிட்டு வந்து உன்னைக் குடும்பத்தோட கொல்றேன் பாரு!" பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். அவர் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

மறுநாள் தகரப் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணப் புடவையின் முந்தானையில் நடுவாக ஒரு பிறை வடிவம் இல்லை. சுற்றிலும் ஒரு நூல்கூடப் பிரியாமல், தையற்காரர் கத்தரித்த மாதிரி இருந்தது. பெட்டியில் மேலே நாலு பழைய துணி இருந்தன, கீழே என் கணவரின் வேட்டிகள் இருந்தன. எதிலும் பல் படவில்லை.

இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பட்டில் கஞ்சி இருந்திருக்கும். பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை. அப்பாவிடம் சொன்னால் இப்படி ஐந்தாறு காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்தில் இதையே உதாரணமாக வைத்துப் பேசியிருப்பார். ஆனால் நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எலியைப் பற்றி நானும் பேசுவதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் பேசவில்லை.

அந்த வீட்டின் அமைதியை எப்படிச் சொல்வது? முதலில் எலி என்ற சொல்தான் போயிற்று. பிறகு பொறி, மருந்து, பூனை என்று ஒவ்வொன்றாகப் போனது. அரிசி குறைந்திருந்தால் கையை விரித்துக் காட்டுவோம். துணி போயிருந்தால் தூக்கிக் காட்டுவோம். என் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும் மேலே ஒரு முறை பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன். நாளாக நாளாக மற்ற விஷயங்களையும் ஜாடையில் பேச ஆரம்பித்திருந்தோம். மூன்று பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பேச்சே இல்லாமல், மேலே மட்டும் ஓயாமல் நடமாட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, "உங்க வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள்.

மாமியார் மட்டும் பேசுவார், ஆனால் எங்களிடம் அல்ல. மாலையில் விளக்கு ஏற்றியதும் உத்தரத்தைப் பார்த்து, "அவங்களுக்கும் பசிக்கும்ல, பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்பார். வீட்டுக்கு வந்த சம்பந்திகளிடம் பேசுகிற அதே குரலில் சொல்வார். மேலே சத்தம் நின்றுவிடும். அவர் முடித்ததும் மறுபடி தொடங்கும்.

என் பெண் பிறந்தது ஆடியில். ஐப்பசியில் அவளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது, சாக்கடை வழிந்தது, மண்டியில் இருந்தவை எல்லாம் எங்கள் கூரைக்கு ஏறிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அவளுடைய குதிகாலின் கீழே பாயில் ரத்தம் சின்ன வட்டமாகப் பரவியிருந்தது. குதிகாலில் ஒரு மொச்சை அளவுக்குத் தோல் இல்லை.

அவள் அழவே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. எலி கடிக்கும்போது ஊதி ஊதிக் கடிக்கும், அதனால் தூங்குகிறவர்களுக்கு வலி தெரியாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அரை முழத் தூரத்தில் நான் படுத்திருந்தேன். என் குழந்தையின் காலுக்குப் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்து, பொறுமையாக ஊதி ஊதிக் கடித்திருக்கிறது. நான் அலறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மாமியார் மஞ்சள் வைத்துக் கட்டினார். அந்தக் குழந்தையின் மேல் அவருக்கு உயிர். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

அன்று மாலை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும் வழியில், தெருவில் வைத்து என் கணவரிடம் சொன்னேன். "ஏதாவது செய்யுங்க. எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம். செய்யுங்க." அவர் தலையசைத்தார். அவருக்குப் பேச்சுக் குறைவு. அந்த வீட்டில் வாழ்ந்து இன்னும் குறைந்திருந்தது.

திங்கட்கிழமை ஒரு தபால் கார்டு வந்தது. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது; நான்தான் படித்துக் காட்டினேன். ஊரில் எங்கள் முக்கால் வேலி நிலத்தை, ஐந்து ஏக்கர் இருக்கும், முப்பது வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தவர் யாரிடமோ எழுதி வாங்கி அனுப்பியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன விஷயம் என்று எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. சாகுபடி செய்கிறவன் தாலுக்கா ஆபீசில் குத்தகைதாரன் என்று தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. மாமியார் கார்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் எள்ளை வறுத்து இடித்து, வெல்லம் சேர்த்து, எள்ளுருண்டை பிடித்தார். ஒரு பித்தளைச் சம்படம் நிறைய. விளக்கு வைத்ததும் இரண்டு உருண்டைகளை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். குழந்தையைக் கடித்ததற்கு விருந்தா என்று எனக்கு உள்ளே எரிந்தது. காலையில் உருண்டைகள் இல்லை. புதன்கிழமையும் வைத்தார், வியாழக்கிழமையும் வைத்தார். அந்த மூன்று நாளும் நானும் போகிற வருகிற போதெல்லாம் சம்படத்திலிருந்து எடுத்துத் தின்றேன். நன்றாகவே செய்வார்.

எலி கெட்டிக்காரப் பிராணி. புதிதாக எதை வைத்தாலும் முதல் நாள் தொடாது. அதனால் மூன்று நாள் வெறும் தீனி வைத்துப் பழக்கி, நாலாம் நாள் அதே தீனியில் மருந்தைக் கலப்பார்கள். களத்துமேட்டில் எல்லோருக்கும் தெரிந்த முறை. வாத்தியார் மகளுக்குத் தெரியவில்லை. என் கணவர் திங்கட்கிழமை மருந்துப் பொட்டலத்தை வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்திருக்கிறார். அது கறுப்புப் பொடி, பூண்டு நாற்றம் அடிக்கும், எள்ளோடு எள்ளாகக் கலந்துவிடும். இருவரும் என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் யாரும் யாரிடமும் சொல்ல முடியாதே.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குத்தகைக்காரர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மழையில் நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படிக்குக் கீழேயே நின்றார். ஊரில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறம்தான் வருவார், நின்றபடிதான் பேசுவார், அதுவும் எனக்குத் தெரியும். எனக்குள்ளிருந்து அப்பா எழுந்துவிட்டார்.

"உள்ள வாங்க. நாற்காலில உட்காருங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா, இங்கேயே..."

"உட்காருங்கன்னா உட்காருங்க."

உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில். மாமியார் உள்வாசல் நிலைக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "வாப்பா" என்றார். அந்த 'ப்பா'வுக்கே காலம் மாற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் 'டா'தான் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார்.

குத்தகைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நாளைக்கு நான் தாலுக்கா ஆபீசுல பேரைப் பதியப் போறேன். எல்லாரும் பதியறாங்க. எனக்கும் வயசாயிடுச்சு, மகனுக்கு ஒரு பிடிப்பு வேணும். உங்ககிட்ட சொல்லாம பின்னால போய்ப் பதியறதுக்கு மனசு வரல. உங்க உப்பைத் தின்னவன். அதான் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்த வீட்டில் அவ்வளவு நீளமாக யாராவது வாய்திறந்து பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் சொக்கிப் போய் நின்றேன். மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "உன் இஷ்டம்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு வெறும் காபி கொடுத்து அனுப்புவதா? அடுப்படிக்குள் போனேன். எள்ளுருண்டைச் சம்படம் வழக்கமான இடத்தில் இல்லை. மேல் தட்டில், பூண்டுக் கூடைக்குப் பக்கத்தில், மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தது. எறும்புக்காக என்று நினைத்துக்கொண்டேன். லேசாகப் பூண்டு வாசனை அடித்தது. பூண்டுக் கூடை பக்கத்தில் இருந்தால் அடிக்கத்தானே செய்யும். நாங்கள் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டிலேயே இரண்டு உருண்டைகளை வைத்து எடுத்து வந்தேன்.

நிலையைத் தாண்டும்போது மாமியார் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. மடியில் இருந்த கையை உயர்த்தி, வேண்டாம் வேண்டாம் என்று வேகமாக ஆட்டினார். வாய் திறந்தது. மேலே உத்தரத்தில் எதுவோ ஓடி நின்றது. மாமியார் அண்ணாந்து பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது. உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தது போதாதென்று நம் தட்டில் வேறு கொடுக்கிறாளே என்று கை ஆட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவே தோன்றவில்லை. அவரைப் பார்த்து நேராக, ஒவ்வொரு அடியாக நடந்து போய்க் குத்தகைக்காரர் முன்னால் தட்டை நீட்டினேன். "எங்க அத்தை கையால செஞ்சது. சாப்பிடுங்க" என்றேன். என் முற்போக்கைக் காட்ட எனக்கு ஒரு தட்டும் இரண்டு உருண்டையும் கிடைத்துவிட்டன. இன்று அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் என்று இருக்கிறது.

அவர் இரண்டையும் எடுத்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டார். "பேத்திக்கு எள்ளுருண்டைன்னா உசுரு. வீட்டுக்குக் கொண்டு போறேம்மா" என்றார். காபியைக் குடித்தார். கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

நான் மாமியாரின் பக்கம் திரும்பவில்லை. அன்று பூராவும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கொல்லையில் வெந்நீர் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டினேன். துடைத்து, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்து, பால் கொடுத்தேன். மாமியார் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஏதோ ஜாடை செய்தார், ஒரு முறை தோளைத் தொட்டார். நான் உதறினேன். கடைசியில் கையில் குழந்தையோடு இருந்த என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவில் இறங்கி, கொட்டுகிற மழையில் என் காதில் வாயை வைத்துச் சொன்னார்.

"அதுல மருந்து இருக்கு."

எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? ஒரு குழந்தையைக் குளிப்பாட்டித் தயார் செய்கிற நேரம். அரை மணிக்குக் குறையாது. என்னைத் தெருவுக்கு இழுத்து வர அவருக்கு அரை மணி நேரம் பிடித்திருந்தது. நான் திரும்பிப் பார்க்காததால்தான் என்று அவர் அன்றே சொன்னார். அதுவும் உண்மைதான்.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். ஆனால் கொடுக்கக் கை வரவில்லை. காரணமில்லாமல், அப்படியே மார்போடு அணைத்துப் புடவையால் மூடிக்கொண்டு ஓடினேன். கீழவாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை மழையில், முழங்கால் தண்ணீரில். அவருடைய பேத்தியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஓடிய வழியெல்லாம் அவள் முகம் எனக்குத் தெரிந்தது; வாயோரத்தில் எள் ஒட்டியிருந்தது.

நன்னிலம் பஸ் கிளம்பவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் குத்தகைக்காரர் உட்கார்ந்திருந்தார், துண்டு மடியில் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே வரக் கத்தினேன். "சாப்பிட்டுடாதீங்க! அதுல எலி மருந்து! எலிக்கு வெச்சது, தெரியாம கொடுத்துட்டேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு உருண்டையும் முழுசாக இருந்தன. பஸ்ஸின் தகரத்தில் சாய்ந்துகொண்டேன்.

"பசியாத்தான் இருந்தது" என்றார். குரல் அமைதியாக இருந்தது. "அங்கேயே ஒண்ணைத் தின்னிருப்பேன். அம்மா கையை ஆட்டினதை நானும் பாத்தேன். எனக்குக் கொடுக்க வேணாங்கறாங்கன்னு நெனச்சேன். அதைப் பாத்ததுக்கு அப்புறம் வாயில வைக்க முடியல. வாங்கினதைத் திருப்பித் தந்தா உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு முடிஞ்சுக்கிட்டேன்."

அவமானம்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் உருண்டைகளை என் கையில் வைத்தார். துண்டை ஜன்னலுக்கு வெளியே இரண்டு முறை உதறினார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இந்த உருண்டை பிடிக்க ஆரம்பிச்சது நான் கார்டு போட்டதுக்கு முன்னயாம்மா, பின்னயா?"

"முன்னாடி" என்றேன் உடனே. "முன்னாடிதான்."

அவர் என்னையே பார்த்தார். நான் யோசிக்காமல் சொன்ன வேகத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்திருக்கும். பஸ் கிளம்பியது. கார்டு வந்தது திங்கட்கிழமை. எள் வறுத்தது செவ்வாய். குழந்தையை எலி கடித்தது ஞாயிறு, அதனால்தான் மருந்து வந்தது என்பதும் உண்மை. மூன்று நாள் பழக்கினால் நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. வீடு வரைக்கும் இதையே எண்ணிக்கொண்டு நடந்தேன். எப்படி எண்ணினாலும் இரண்டு கணக்கும் சரியாக வந்தது.

உருண்டைகளைக் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். சம்படத்தில் இருந்த மிச்சத்தையும் சேர்த்துத்தான். ஒரு எலிகூட அதில் ஒரு துணுக்கைத் தின்னவில்லை. ஆனால் அன்று மாலையிலிருந்து மேலே சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து ஏணி போட்டுப் பார்த்தோம். பரணில் காய்ந்த புழுக்கை மட்டும் கிடந்தது. மொட்டை வாலையும் அப்புறம் காணவில்லை. "நீ பஸ் ஸ்டாண்டுல கத்தினது கேட்டிருக்கும்" என்றார் மாமியார். எனக்கு அதை நம்பவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. சத்தமில்லாத அந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்தால் முன்பைவிட அதிகமாகப் பயம் வந்தது.

குத்தகைக்காரர் பெயரைப் பதிந்தால் நில உடைமைக்காரருக்கு நோட்டீஸ் வரும். மாமியார் தினமும் தபால் நேரத்துக்கு வாசலில் போய் நின்றார். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. நோட்டீஸ் வரவில்லை. தையில் அவர் வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் ஒரு நாள் துணிந்து கேட்டேன். எங்கள் இரண்டு பேரையும் தவிர வீட்டில் யாரும் இல்லை.

"அத்தை, அன்னைக்கு நீங்க கையை ஆட்டினது எதுக்கு? மருந்துன்னு சொல்லவா, இல்ல அவருக்கு நம்ம தட்டுல கொடுக்கக் கூடாதுன்னா?"

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "ரெண்டுக்கும்தான்னு வெச்சுக்கோயேன்" என்றார்.

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரையில் குத்தகைக்காரர் வந்தார். நடுப்பகல், தார் ரோடு இளகுகிற வெயில். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை, நானும் சொல்லவில்லை. மகன் நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போகிறான், குடும்பத்தோடு அங்கே போகிறோம், நிலத்தை விட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றார். என் கணவர் முத்திரைத்தாளில் எழுதினார். முப்பது வருடம் உழுத நிலத்துக்கு அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் மிரட்டவில்லை, ஒரு தப்பான வார்த்தை பேசவில்லை. எல்லாம் மரியாதையாக நடந்து முடிந்தது.

அவருடைய உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. நான் உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினேன். அவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம்மா, தாகமில்ல" என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

தெருக்கோடியில் ஒரு அடிபம்பு உண்டு. அவர் அங்கே போய் நின்று, கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்தார். கோடையில் அது காற்றைத்தான் துப்பும். குனிந்து கையை ஏந்திக் காத்திருந்தார், மறுபடி அடித்தார், பிறகு விட்டுவிட்டு நடந்தார். நான் சொம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.